அரபு இசையும் மேற்கத்திய இசையும் ஒரே குரலில்: கிழக்கிலங்கைப் பாடகர்களுக்கு ஒரு வழிகாட்டி

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று, கல்லடி என எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், அரபு இசையை மேற்கத்திய பாணிகளோடு சேர்த்துப் பாட விரும்பும் இளையவர்கள் சிலரையேனும் இப்போது காண முடிகிறது. அவர்களிடம் நல்ல குரலும் கூர்மையான செவியும் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானோர் பிடித்த பாடலொன்றைக் கைப்பேசியில் கேட்டு, அதன் மெட்டைக் கீபோர்ட்டில் தேடிப் பிடித்து, கீபோர்ட் தரும் சுரங்களுக்கு ஏற்பத் தமது குரலைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்கிறார்கள். முடிவில் சொற்கள் மட்டுமே அரபாக எஞ்சுகின்றன. இசை எங்கோ நழுவிப்போய்விடுகிறது. இந்த வழிகாட்டி வேறு வரிசையைச் சொல்கிறது. அரபு இசையின் சுரத்தை முதலில் குரலில் உறுதியாக நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்தச் சுரத்துக்கு இடம்விடுகின்ற மேற்கத்திய இசையை அதன் பிறகே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு பாடகரின் பாதையை முழுமையாகக் கேளுங்கள்

பத்துப் பாடகர்களிடமிருந்து ஆளுக்கொரு பாடலைக் கேட்பதைவிட, ஒரே பாடகரின் இசைத்தொகுப்புகளை வெளிவந்த ஆண்டு வரிசையில் கேட்பது அதிகம் கற்றுத்தரும். இதற்கு நடாஷா அட்லஸை நான் பரிந்துரைக்கிறேன். எகிப்திய வேர்களைக் கொண்ட குடும்பத்தில் 1964இல் பிரசெல்ஸ் நகரில் பிறந்த இவர், இங்கிலாந்தில் ட்ரான்ஸ்குளோபல் அண்டர்கிரவுண்ட் என்ற குழுவின் பாடகியாக அறியப்பட்டார். அந்தக் குழுவின் இசை முழுக்க நடன அரங்குகளுக்கான தாளத்திலும் கனத்த பேஸ் ஒலியிலும் நிற்பது. 1995இல் வந்த அவருடைய முதல் தனித் தொகுப்பான ‘டயஸ்போரா’வில் அந்தத் தாளம் அப்படியே இருக்க, அதன் மேலே எகிப்தியப் பாணியிலான குரல் நெளிந்து செல்கிறது. 1997இல் வந்த ‘ஹலீம்’ தொகுப்பில் எகிப்தியத் தந்தி வாத்தியங்களின் சாயல் கூடுகிறது. 2008இல் ‘அனா ஹினா’வில் மின்னொலிகள் பின்வாங்கி, கையால் வாசிக்கும் வாத்தியங்கள் முன்னே வருகின்றன. 2015இல் ட்ரம்பெட் கலைஞர் இப்ராஹிம் மாலூஃபின் தயாரிப்பில் வந்த ‘மிரியட் ரோட்’ தொகுப்பில் அவர் ஜாஸ் இசைக்குள் நுழைந்துவிடுகிறார்.

இந்த நான்கையும் கேட்கும்போது ஒரு தாளில் இரண்டு நிரல்கள் வரைந்து, ஒன்றில் குரல் செய்வதையும் மற்றதில் பின்னணி செய்வதையும் எழுதுங்கள். இருபது ஆண்டுகளில் இரண்டாம் நிரல் அடையாளமே தெரியாத அளவுக்கு மாறியிருக்கும். முதல் நிரலில் எழுதிய அசைவுகள், வழுக்கல்கள், சொல்லின் இறுதியில் குரல் இறங்கும் விதம் ஆகியவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். மேற்கத்தியத் துணையை எத்தனை முறை மாற்றினாலும் இவருடைய பாட்டு இவருடையதாகவே ஒலிப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

மற்றவர்களைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். லெபனானின் ஃபைரூஸ், அல்ஜீரியாவின் ஓரான் நகரிலிருந்து ராய் இசையை உலகுக்குக் கொண்டுசென்ற காலித், அதே நாட்டிலிருந்து பிரான்ஸுக்குச் சென்று ரொக் இசையோடு பாடிய ரஷீத் தாஹா, கிட்டாரோடு மென்மையாகப் பாடும் சுஆத் மாஸி ஆகிய நால்வரும், அரபுக் குரலை மேற்கத்திய இசையோடு எப்படிச் சேர்ப்பது என்ற கேள்விக்கு நான்கு வெவ்வேறு விடைகளைத் தருவார்கள்.

சுரத்தைக் குரலில் நிறுத்துதல்

அரபு இசையில் நமது இராகத்தின் இடத்தில் இருப்பது மகாம். கர்நாடக இசையின் அடிப்படைப் பயிற்சி உள்ளவர்களுக்கு மகாம்களில் ஒரு பகுதி எளிதில் கைகூடும். அஜம் என்பது சங்கராபரணத்தின் சுரங்களைக் கொண்டது. நஹாவந்த் நடபைரவியோடு ஒத்துவரும். அதன் நிஷாதம் உயரும்போது கீரவாணியாகிவிடும். குர்த் தோடியின் சுரங்களில் நிற்கிறது. ஹிஜாஸ் மகாமின் கீழ்ப்பாதி, நாம் முதல் பாடத்திலேயே பாடிய மாயாமாளவகௌளையின் ஸ ரி க ம தான். முழு மகாமாக எடுத்துக்கொண்டால் அது வகுளாபரணத்துக்கு நெருங்கியது. இவை சுர ஒற்றுமைகள் மட்டுமே என்பதை மறக்கக் கூடாது. தோடியின் கமகங்களைக் குர்த்தில் போட்டால், கேட்பவருக்குத் தோடிதான் கேட்கும்.

சிக்கல் எழுவது ராஸ்த், பயாத்தி, சீகா, சபா என்னும் மகாம்களில்தான். இவற்றில் கீபோர்ட்டின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே நிற்கும் சுரங்கள் உண்டு. ராஸ்தின் மூன்றாவது சுரம் சாதாரண காந்தாரத்துக்கு மேலும் அந்தர காந்தாரத்துக்குக் கீழும், ஏறத்தாழ நடுவில் இருக்கிறது. பயாத்தியின் இரண்டாவது சுரம் சுத்த ரிஷபத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஸட்ஜம் முதல் மேல் ஸட்ஜம் வரையிலான ஒரு ஸ்தாயியை 24 சமபாகங்களாகப் பிரித்து இவற்றை எழுதிக்காட்டும் முறை ஒன்று உண்டு. 1932இல் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாட்டில் இதைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தும் அனைவரும் ஒத்த முடிவுக்கு வரவில்லை. நடைமுறையில் அந்தச் சுரம் ஊருக்கு ஊர் சற்று ஏறியும் இறங்கியும் நிற்கிறது. துருக்கிய மரபில் ராஸ்தின் மூன்றாவது சுரம் எகிப்திய மரபில் உள்ளதைவிட உயரமானது. ஆகவே எந்த ஊரின் பாணியைப் பின்பற்றுகிறீர்களோ, அந்த ஊரின் பாடகர்களிடமிருந்தே உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் யாழ்நூலில் சுருதிகளைக் கணக்கிட்டுப் பார்த்த மண்ணில், இசையின் சுரங்கள் எல்லாம் பன்னிரண்டு கட்டைகளுக்குள் அடங்கிவிடா என்பதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

பயிற்சியை இப்படிச் செய்யுங்கள். தம்புரா ஒலி தரும் செயலியில் ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் ஓடவிட்டு, சதுஸ்ருதி ரிஷபத்தை நீளமாகப் பிடியுங்கள். பிறகு சுத்த மத்யமத்தை நீளமாகப் பிடியுங்கள். இந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தை இரண்டு சமமான படிகளாக ஏறிக் கடக்க முயலுங்கள். முதல் படியும் இரண்டாம் படியும் செவிக்கு ஒரே உயரமாகத் தோன்றும் இடத்தில் நடுவே கிடைப்பதுதான் ராஸ்தின் மூன்றாவது சுரம். கிட்டார் சுருதி சேர்க்கும் செயலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், முள் இரண்டு சுரங்களுக்கு நடுவில் நிற்பதைக் கண்ணாலும் சரிபார்க்கலாம். தொடக்கத்தில் குரல் மேலேயோ கீழேயோ சாய்ந்து, பழகிய காந்தாரம் ஒன்றில் போய் ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட வேண்டாம்; இறங்குமுகமாக, மத்யமத்திலிருந்து ரிஷபத்துக்கு வரும்போது, அந்தச் சுரம் விரைவில் பிடிபடும்.

கர்நாடக இசை பயின்றவர்களுக்கு இங்கே தனியாக ஓர் எச்சரிக்கை தேவை. நடுவிலுள்ள சுரம் என்றதும் அதை அசைத்துப் பாட நமது தொண்டை தானாகவே முற்படும். சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையே குரலை ஆட்டினால், சராசரி உயரம் சரியாக இருப்பது போலத் தோன்றினாலும், அரபுச் செவிக்கு அது தவறாகவே கேட்கும். அந்தச் சுரம் அங்கே அசையாமல் நிற்க வேண்டியது. அழகூட்டல்கள் அதைச் சுற்றி வரலாம். ஆகவே முதல் சில வாரங்களுக்கு ஒரு கமகமும் இல்லாமல், தட்டையான குரலில் ராஸ்தையும் பயாத்தியையும் மட்டும் பாடிப் பழகுவது நல்லது.

கோர்டுகளைத் தேர்ந்தெடுத்தல்

சுரம் குரலில் நின்றதும் அடுத்த கேள்வி எழுகிறது. மேற்கத்திய இசை கோர்டுகளின், அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களின், மேல் நிற்பது. கீபோர்ட்டிலும் கிட்டாரிலும் உள்ள கோர்டுகளில் அந்த நடுச் சுரம் இல்லை. பாடகர் நடுச் சுரத்தைப் பிடித்திருக்கும் அதே நேரத்தில் பக்கத்துச் சுரம் கோர்டில் ஒலித்தால் இரண்டும் மோதும். அப்போது பெரும்பாலான பாடகர்கள் கோர்டுக்காகக் குரலை நகர்த்திவிடுகிறார்கள். நகர வேண்டியது கோர்ட்.

ஃபைரூஸின் இசையமைப்பாளர்களான ரஹ்பானி சகோதரர்கள் மொஸார்ட்டின் நாற்பதாவது சிம்பொனியின் மெட்டை அரபுப் பாடலாக்கினார்கள். அது ஜி மைனரில் அமைந்தது. நஹாவந்த் மகாமின் சுரங்களோடு அப்படியே பொருந்துகிறது. நடுச் சுரங்கள் இல்லாத மகாம் என்பதால் முழு மேற்கத்திய வாத்தியக் குழுவையும் மோதலின்றி அதன் பின்னால் வைக்க முடியும். உங்கள் முதல் இரண்டு மூன்று பாடல்களை நஹாவந்த், குர்த், ஹிஜாஸ் ஆகியவற்றில் அமைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவே காரணம். ஆனால் அதிலேயே தங்கிவிடாதீர்கள்.

பயாத்தியை டி சுரத்தை ஆதாரமாகக் கொண்டு பாடினால், சிக்கலான சுரம் ஈ ஒன்றுதான். ஈ சுரம் இல்லாத கோர்டுகளைத் தேடிப் பாருங்கள்: டி மைனர், எஃப் மேஜர், ஜி மைனர், பி ஃபிளாட் மேஜர் ஆகிய நான்கும் கிடைக்கும். இந்த நான்கைக் கொண்டு ஒரு முழுப் பாடலையே நடத்தலாம். ஏ மைனரையும் சி மேஜரையும் தொடவே வேண்டாம். சி தேவைப்பட்டால் நடுச் சுரத்தை விட்டு சியையும் ஜியையும் மட்டும் ஒலிக்கவிடுங்கள். ராஸ்தை சியில் பாடும்போது ஈ, பி ஆகிய இரண்டும் நடுச் சுரங்களாகின்றன. அப்போதும் டி மைனரும் எஃப் மேஜரும் பாதுகாப்பானவை. ஆதாரத்தில் நிற்கும்போது சி, ஜி என்னும் வெறும் ஐந்தாம் இடைவெளியே போதும். இறங்குமுகத்தில் ராஸ்த் பெரும்பாலும் பி ஃபிளாட்டை எடுத்துக்கொள்வதால், அந்த இடத்தில் ஜி மைனரையும் பி ஃபிளாட் மேஜரையும் சேர்க்கலாம். எந்தக் கோர்டும் இல்லாமல் பேஸ் கிட்டார் மட்டும் குரலோடு நடக்கும் பகுதிகளையும் துணிந்து வைத்துக்கொள்ளுங்கள். நடாஷா அட்லஸின் தொடக்கக் காலப் பாடல்களில் குரலுக்கு அத்தனை வெளி கிடைப்பதற்குப் பின்னணியில் கோர்டுகள் குறைவாக இருப்பது பெரிய காரணம்.

வாத்தியங்களில் வயலின் நமக்கு இயல்பான துணை. அதற்குக் கட்டைகள் இல்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வயலின் பயின்றவர்களுக்குக் குறைவும் இல்லை. கீபோர்ட்களில் பலவற்றில், கட்டைகளின் சுருதியைத் தனித்தனியே மாற்ற உதவும் ஸ்கேல் டியூனிங் என்ற வசதி உண்டு. யமஹாவும் கோர்க்கும் மத்திய கிழக்குச் சந்தைக்கென்றே இந்த வசதியோடு கீபோர்ட்களைச் செய்கின்றன. உங்களிடமுள்ள கருவியின் கையேட்டைத் திறந்து, ஈ, பி கட்டைகளை ஐம்பது சென்ட் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான தூரத்தில் பாதி) கீழே இறக்க முடியுமா என்று பாருங்கள். இப்ராஹிம் மாலூஃப் வாசிக்கும் ட்ரம்பெட்டில் வழக்கமான மூன்று வால்வுகளுக்குப் பதிலாக நான்கு இருக்கின்றன; நடுச் சுரங்களுக்கென அவருடைய தந்தை நஸீம் மாலூஃப் வடிவமைத்தது அது. கருவியை இசைக்கு ஏற்ப மாற்றிய அந்தக் குடும்பத்தின் பிடிவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

தாளம்

மக்ஸூம் என்ற தாளத்தில் தொடங்குங்கள். எட்டு எண்ணிக்கைகளில் ஒன்றிலும் ஐந்திலும் தும் என்ற கனத்த அடி, இரண்டிலும் நான்கிலும் ஏழிலும் தக் என்ற மெல்லிய அடி. மேற்கத்திய ட்ரம்ஸில் ஸ்னேர் அடி மூன்றிலும் ஏழிலும் விழுவது வழக்கம். மூன்றாவது எண்ணிக்கை மக்ஸூமில் காலியாக இருக்கிறது. ஏழில் தக் அடியோடு ஸ்னேர் சேர்ந்துகொள்கிறது. அதனால் இரண்டு தாளங்களும் ஒன்றையொன்று மறைக்காமல் பின்னிச் செல்லும். நடன இசையோடு அரபுக் குரல் இத்தனை எளிதாகச் சேர்ந்ததன் இரகசியம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. தர்புக்கா என்னும் அரபுக் கைமேளம் கிடைக்காவிட்டால் றபானில் வாசிக்கலாம். நடுவில் தும், ஓரத்தில் தக்.

பத்து எண்ணிக்கையுள்ள சமாயீ சக்கீல் தாளத்தைக் கடினமானதென்று பலர் ஒதுக்குகிறார்கள். தகிட தக தக தகிட என்று வாயால் சொல்லிப் பாருங்கள். கண்டசாபு தெரிந்தவருக்கு ஒரே நாளில் அது வசமாகும்.

சொல்லும் உச்சரிப்பும்

அரபில் பாடுவதாயின் உச்சரிப்பில் சலுகை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐன், ஹா, காஃப், ஸாத் ஆகிய எழுத்துகளைத் தமிழ் ஒலிகளால் ஈடுசெய்தால் பொருளே மாறிவிடும். குர்ஆன் மத்ரஸாவில் தஜ்வீதோடு ஓதப் பழகியவர்களுக்கு எழுத்துகள் பிறக்கும் இடங்கள் ஏற்கெனவே தெரிந்திருக்கும். அது பெரிய சொத்து. மற்றவர்கள் ஒரு மௌலவியிடமோ அரபு ஆசிரியரிடமோ பாடலின் வரிகளைப் படித்துக் காட்டித் திருத்திக்கொள்ளலாம். அப்போது ஓதலும் பாடலும் வெவ்வேறானவை என்பதை நினைவில் வைத்து, ஓதலின் வசனங்களையோ அதன் முறையையோ இசைக்குள் கொண்டுவராமல் இருப்பது கண்டிப்பான மரியாதை. இசை பற்றிய மார்க்கக் கருத்துகள் நமது ஊர்களில் பலவிதமாக இருக்கின்றன. உங்கள் வீட்டாரோடு வெளிப்படையாகப் பேசி, எந்த மேடையில், எத்தகைய வரிகளோடு பாடப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பாடல்கள் பெரும்பாலும் பேச்சு வழக்கில் அமைந்தவை. எகிப்தியர் ஜீம் எழுத்தை ஆங்கில ‘g’ போல (‘go’ என்பதில் உள்ளவாறு) ஒலிப்பர். பெய்ரூத்தில் காஃப் பெரும்பாலும் தொண்டையில் ஒரு சிறு தடையாகவே கேட்கும். வளைகுடா வழக்குக்கு நமது வீடுகளிலேயே ஆசிரியர்கள் உண்டு. குவைத்திலும் சவூதியிலும் கட்டாரிலும் பல ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய தாய்மாரும் சாச்சிமாரும் பேசும் அரபு, புத்தகத்தில் கிடைக்காத உயிருள்ள அரபு. அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்; அங்கே வீடுகளில் எந்தப் பாடல்கள் ஒலித்தன என்பதையும் அவர்கள் சொல்வார்கள்.

தமிழ் வரிகளை மகாமில் பாடுவதையும் தொடக்கத்திலேயே முயலுங்கள். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகள் நான்கே அடிகளில் முழு உணர்வையும் சொல்லிவிடுகின்றன. அந்த வடிவில் புதிய வரிகள் எழுதி, முதல் இரண்டு அடிகளைப் பயாத்தியில் கோர்ட் இல்லாமல் தனிக்குரலிலும், அடுத்த இரண்டு அடிகளை மேலே சொன்ன நான்கு கோர்டுகளோடும் பாடிப் பாருங்கள். என் மாணவி ஒருவர் இப்படிப் பாடியபோது, மூன்றாம் அடியில் டி மைனரிலிருந்து ஜி மைனருக்குக் கிட்டார் நகர்ந்த கணத்தில் அதே மெட்டு வேறொரு துயரத்தைச் சொல்லத் தொடங்கியது. அரபு இசையையும் மேற்கத்திய இசையையும் இணைப்பதால் கிடைக்கக்கூடிய பயன் இதுதான் என்று நான் நினைக்கிறேன்: இரண்டும் தனித்தனியே சொல்ல முடியாத ஒன்று.

துணைக் கலைஞர்கள்

நடாஷா அட்லஸ் முதலில் ஒரு குழுவுக்குள் நின்று வளர்ந்தவர் என்பதைக் கவனியுங்கள். நீங்களும் தனியாகத் தொடங்க வேண்டாம். கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை பயில்பவர்கள், தேவாலயப் பாடகர் குழுக்களில் நான்கு குரல் ஒத்திசையில் பழகியவர்கள், றபான் அடித்துப் பைத் பாடும் பாவாமார், மட்டக்களப்புப் பறங்கியர் சமூகத்தின் விழாக்களில் வயலினும் மண்டலினும் வாசிப்பவர்கள் என, இந்த இசைக்கு வேண்டிய அனைவரும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறார்கள். நால்வர் போதும்: குரல், வயலின், கிட்டார், தாளம். மாதக் கணக்கில் மூன்று பாடல்களை மட்டும் பயிலுங்கள். புதிய பாடல்களைச் சேர்ப்பதைவிட, அதே பாடலை ஒருமுறை ட்ரம்ஸோடும் ஒருமுறை தந்தி வாத்தியங்களோடும் ஒருமுறை ஜாஸ் நடையிலும் வாசித்துப் பார்ப்பது, உங்கள் குரலில் மாறாமல் நிற்பது எது என்பதை உங்களுக்கே காட்டிவிடும்.

ஒலிப்பதிவும் உரிமையும்

ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் சொல்ல வேண்டியது, சுருதி திருத்தும் மென்பொருளை உங்கள் குரலில் பயன்படுத்தக் கூடாது என்பதுதான். ஒட்டோ டியூன் போன்றவை வழக்கமான அமைப்பில் பன்னிரண்டு சுரங்களை மட்டுமே அறியும். நீங்கள் மாதக் கணக்கில் உழைத்துப் பிடித்த நடுச் சுரத்தை அது பிழையென்று கருதி, பக்கத்துச் சுரத்துக்கு இழுத்துவிடும். பதிவு செய்பவர் நல்லெண்ணத்தோடு செய்திருப்பார், பயாத்தி குர்த்தாகிவிட்டிருக்கும். ஆகவே பதிவுக்கு முன்பே மகாமின் பெயரையும் நடுச் சுரங்களையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்து, ராஸ்தில் நன்கு பாடப்பட்ட எகிப்தியப் பதிவொன்றையும் கேட்கச் செய்யுங்கள்.

பிறருடைய பாடலை மீண்டும் பாடி வெளியிடுவதாயின் அனுமதி பெற வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பின் உரிமை படைத்தவரின் வாழ்நாளும் அதன் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். மொஸார்ட்டின் மெட்டை யாரும் எடுத்தாளலாம். 1970களில் கெய்ரோவில் இசையமைக்கப்பட்ட மெட்டை அப்படி எடுக்க முடியாது. ஊர்க் கவி ஒன்றை எடுத்தால், அதை உங்களுக்குப் பாடிக் காட்டியவரின் பெயரையும் ஊரையும் அவருடைய ஒப்புதலோடு பாடலின் விபரத்தில் குறிப்பிடுங்கள். மகாமின் பெயர், தாளத்தின் பெயர், வாசித்த ஒவ்வொருவரின் பெயர், உச்சரிப்பைத் திருத்தித் தந்தவரின் பெயர் ஆகியவையும் அந்த விபரத்தில் இடம்பெறட்டும். அரபு நாடுகளிலுள்ள கேட்பவர்கள் மகாமின் பெயரை வைத்தே தேடுவார்கள். பாடலின் தலைப்பைத் தமிழிலும் அரபிலும் ஆங்கிலத்திலும் பதிவேற்றினால் அவர்களும் எளிதில் வந்துசேர்வார்கள்.